ஏழு கேள்விக்குறிகள்

மூலக்குளத்தில் நான் வேலை பார்த்த பள்ளிக்கு, கணினி பழுது பார்க்க லாஸ்பேட்டையிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் வருவார். நாங்கள் அவரை ‘சிஸ்டம் சார்’ என்போம். மடிப்புக் கலையாத சட்டை, டை, கையில் ஒரு சிடி. கோளாறைச் சொல்லி முடிப்பதற்குள் சிடியைச் சட்டையில் துடைத்துப் புது ஃபான்ட் ஏற்றிவிடுவார். எதற்கும் அதே மருந்துதான்.

ஒருமுறை பிள்ளைகளின் பெயர்களென்று நான் தமிழில் அடித்தவையெல்லாம் மாற்றுச் சான்றிதழில் கேள்விக்குறிகளாக வந்து நின்றன. மறுநாள் பெற்றோர் வருகிறார்கள். நானே அந்த மென்பொருளின் உதவிப் பக்கத்தைப் படித்துவிட்டு, அவர் வந்ததும் சொன்னேன்:

“சார், இது ஃபான்ட் கோளாறு இல்ல. டேட்டாபேஸ் யூனிகோடுல இருக்குது, சிஸ்டம் செட்டிங் வெறும் இங்கிலீஷ்ல இருக்குது. ரெண்டும் ஒத்துப்போனாத்தான் தமிழ் நிக்கும்.”

“அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா? ஃபான்ட் போட்டுட்டேன். பேர மட்டும் மறுபடி அடிச்சுடுங்க.”

அடித்தேன். மறுபடியும் கேள்விக்குறிகள். கடைசியில் அத்தனை பெயரையும் பேனாவால் எழுதினேன்.

அவரோ, பழுது நீங்கியது என்று அதே மென்பொருளில் ஒரு சான்று அச்சடித்து, படித்துக்கூடப் பார்க்காமல் கீழே கையெழுத்தைக் கிறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் பெயரை என்னிடம் கேட்காதீர்கள். அந்தத் தாளில் பெயர் வரவேண்டிய இடத்தில் ஏழு கேள்விக்குறிகள்தான் இருக்கின்றன.