ஏடிஎம்முக்குப் பின்னால் இருந்த கதவு

நான் வேலை பார்க்கும் கம்பெனி ஆரம்பத்தில் இரும்புப் பெட்டி செய்த கம்பெனி. நகைக்கடைக்காரர்களும் மண்டிக்காரர்களும் வாங்கிச் சுவரோடு சேர்த்துப் பதித்துக்கொண்ட கனத்த பெட்டிகள். வங்கிகள் ஊர் ஊராகக் கிளை திறந்தபோது ஸ்ட்ராங் ரூம் கதவு செய்தது. அப்புறம் லாக்கர், அப்புறம் நோட்டு எண்ணும் மெஷின். ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்த பிறகு ஏடிஎம். இப்போது பாஸ்புக் அச்சடிக்கிற மெஷினும் பணம் போடுகிற மெஷினும். இடையில் முதலாளிகள் மாறினார்கள், பெயர் மாறியது, எங்கள் சட்டைப் பையில் தைத்திருக்கும் சின்னமும் மாறியது. பழைய தொழிற்சாலையை விற்று, அங்கே அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன என்று கேள்வி.

நான் சேர்ந்தது ஏடிஎம் சர்வீசுக்கு. நாசரேத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் வாத்தியார் வேலைதான். "ஊரூராப் போயி மெஷினைக் கழட்டி மாட்டுதது ஒரு வேலையா? டீச்சரா இருந்தா சாயந்திரம் வீட்டுக்கு வந்துரலாம்லா" என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவாள். ஆனால் தூத்துக்குடிக்கு என்னைப் போட்ட பிறகு கதவுகளும் என் தலையில் விழுந்தன. கதவு பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் ஓய்வு பெற்றார், அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. சில நாள் பயிற்சி மட்டும் கொடுத்து, "பெரிசா ஒண்ணும் வராது, எண்ணெய் போட்டுட்டு வந்தாப் போதும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

எண்ணெய் போட்டால் போதாது என்பது எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. இந்தக் கரையில் காற்றே உப்பு. துறைமுகத்துப் பக்கம் ஏடிஎம்மின் கார்டு நுழைகிற வாய் மாதக்கணக்கில் கூடத் தாங்காது. உப்பளத்தை ஒட்டிய கிளைகளில் போல்ட்டுகள் பிஸ்கட் போல உதிரும். மெஷின் நின்றால் ஜனங்கள் திட்டுவார்கள், அவ்வளவுதான். கதவு நின்றால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அதனால் முடிந்தவரை நினைக்காமல் இருந்தேன்.

வேம்பார்ப் பக்கத்துக் கிளை ஒன்றிலிருந்து மேனேஜர் கூப்பிட்டது ஒரு முற்பகல். நான் டவுனில் ஒரு மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் குரல் அடையாளமே தெரியவில்லை.

"மேடம், ஸ்ட்ராங் ரூம் கதவு பூட்டிக்கிட்டு. தெறக்க முடியல. உள்ள ரெண்டு பேரு இருக்காவ."

என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் சொன்னதைக் கோவையாக்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. கிளையில் பெயின்ட் அடிக்கிற வேலை நடந்திருக்கிறது. கதவுக்குப் பின்பக்கச் சுவரில் அடிப்பதற்காகப் பெயின்டர் முட்டுக்கட்டையை எடுத்துவிட்டுக் கதவைத் தள்ளியிருக்கிறார். தரையில் புது டைல்ஸ் போட்டதில் லேசான சரிவு. அத்தனை கனமான கதவு தானாகவே ஓடிப் போய் அறைந்து சாத்திக்கொண்டது. லாக்கர் திறக்க வந்த ஒரு அம்மாவும், கூடச் சென்ற பெண் ஆபீசரும் உள்ளே. சத்தம் கேட்டு ஓடிவந்த மேனேஜர் பதற்றத்தில் கதவிலிருந்த சக்கரப் பிடியைத் திருப்பினார், தப்பான பக்கமாக. அதற்குப் பிறகு அது எந்தப் பக்கமும் அசையவில்லை.

கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கதவுக்குள் ஒரு இரும்புத் துண்டு உண்டு. திருடன் பூட்டை உடைத்தால் ஸ்பிரிங் அறுந்து அது தானாக விழும். விழுந்தால் சரியான சாவி போட்டாலும் கதவு திறக்காது. கம்பெனி அந்தக் காலத்தில் பெருமையாக விளம்பரம் செய்த விஷயம் அது. கதவு அறைந்த அதிர்ச்சியிலேயே துருப்பிடித்த ஸ்பிரிங் அறுந்திருக்க வேண்டும். எங்கள் கதவு திருடனை நிறுத்துகிற மாதிரியே இரண்டு பெண்களை நிறுத்திவிட்டது.

"அவசர வாசல் இருக்கும்லா சார்? பக்கவாட்டுச் சுவத்துல, சின்னதா, தவழ்ந்து வாற மாதிரி?"

"இருக்குன்னு சொல்லுதாவ. நான் பாத்ததில்ல. அதுக்குச் சாவி உள்ள, பூட்டுன கேஷ் பெட்டிக்குள்ளதாம் இருக்கு மேடம். இன்னொரு செட்டு தூத்துக்குடி மெயின் பிராஞ்சுல."

மெயின் பிராஞ்சில், சாவி போட்டு முத்திரை வைத்த உறையோடு ஒரு ஆபீசர் வாசலிலேயே நின்றார். உறையை என்னிடம் தர விதி இல்லை என்பதால் அவரும் நான் வந்த காரில் ஏறினார். வழி நெடுக அவர் அதை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். நான் டிரைவரை வேகமாகப் போகச் சொல்லவும் பயந்தேன், மெதுவாகப் போவதைப் பார்க்கவும் பயந்தேன். அந்த அளவு அறையில் இரண்டு பேருக்குக் காற்று வெகுநேரம் போதும் என்பது எனக்குத் தெரியும். சின்னதாக ஒரு காற்றுத் துளையும் உண்டு. ஆனால் துளையை யாராவது எலிக்குப் பயந்து அடைத்து வைத்திருந்தால்? உள்ளே இருப்பவருக்கு இளைப்பு இருந்தால்? கீழவைப்பாருக்குப் பிரிகிற விலக்கில் உப்பு லாரி ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டு நின்றபோது என் கால் தானாகத் தரையை மிதித்தது, பிரேக்கும் கிளட்சும் என் காலடியில் இருப்பதுபோல.

கிளைக்கு முன்னால் கூட்டம். உள்ளே போனதும் மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சாத்தான்குளத்துக்காரர், எப்போதும் சட்டை கசங்காத மனிதர். அன்றைக்கு நெற்றியிலெல்லாம் பெயின்ட்.

"நாந்தாம்மா திருப்புனேன். நாந்தான்" என்றார்.

"அத அப்புறம் பாப்போம் சார். அவசர வாசல் எங்க?"

அவர் கிளையின் கட்டட வரைபடத்தைக் காட்டினார். அவசர வாசல் இருந்த சுவருக்கு இந்தப் பக்கம் முன்பு வெறும் நடைவழி. பிற்பாடு அந்த நடையை மறித்து ஏடிஎம் அறை ஆக்கிவிட்டார்கள். வாசலுக்கு நேர் முன்னால், பிளைவுட் பலகைக்கு அந்தப் பக்கம், எங்கள் கம்பெனி மெஷின் நின்றது. தரையோடு போல்ட் அடித்து. கதவு செய்த பிரிவும் மெஷின் வைத்த பிரிவும் ஒரே கம்பெனிக்குள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

பின்பக்கச் சந்துக்குப் போனேன். சுவரில் உயரத்தில் இருந்த காற்றுத் துளைக்குக் கீழே மீன் கூடையைக் கவிழ்த்து ஒருவர் ஏறி நின்றார். துளையில் அடைத்திருந்த சாக்கை அவர்தான் பிய்த்து எடுத்திருந்தார். விரல் நகத்தில் ரத்தம். உள்ளே இருந்த அம்மாவின் கணவர்; சங்கு குளிக்கிறவர். மறுநாள் மகளுக்கு வேம்பார்க் கோவிலில் கல்யாணம், நகை எடுக்க வந்திருக்கிறார்கள்.

"ஏளா, மூச்சு முட்டுதா? சொல்லு ஏளா!"

துளை வழியாக ஒரு குரல் வந்தது. "நான் நல்லாத்தாம் இருக்கேன். இந்த ஆபீசர் பிள்ளதாம் நடுங்குது. மடியில படுக்க வச்சிருக்கேன். நீங்க சத்தம் போடாம இருங்க, நீங்க சத்தம் போட்டா அது இன்னும் பயப்படுது."

அவர் இறங்கி என்னைப் பார்த்தார். பயத்தில் வாய் கோணியிருந்தது. "மேடம், நான் ஆழத்துல கெடக்கையில எனக்கு ஒண்ணும் தோணாது. சங்கப் பாப்பேன், மேல வருவேன். இவ கரையில இருப்பா. இத்தன வருசமா எப்பிடித்தாம் இருந்தாளோ. என்னால இந்தக் கூடை மேலகூட நிக்க முடியல."

"மெஷின நகட்டணும் அண்ணாச்சி. ரொம்பக் கனம். ஆள் வேணும், கயிறு வேணும்" என்றேன். வேலை என்று ஒன்று கிடைத்ததும் அவர் ஓடினார்.

மெஷின் கம்பெனிக்குச் சொந்தம். அனுமதியில்லாமல் அசைக்கக் கூடாது. தலைமை ஆபீசுக்குப் போன் செய்தேன். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றினார்கள். கடைசியாகப் பேசியவர் நிதானமாகச் சொன்னார்: "அந்த டோர் மாடலுக்கு இப்ப சப்போர்ட் கிடையாது மேடம். டிரில்லிங் டீம் சென்னையில இருந்து நாளைக்குக் கிளம்புவாங்க. அதுவரைக்கும் மெஷினைத் தொடாதீங்க, டேமேஜ் ஆனா உங்க பேர்லதான் வரும்."

"உள்ள ஆள் இருக்கு சார்."

"புரியுது மேடம். ஆனா புரொசீஜர்னு ஒண்ணு இருக்குல்ல?"

போனை வைத்தேன். வேலை போய்விடும் என்றுதான் முதலில் தோன்றியது, அதை ஒளிக்க வேண்டியதில்லை. வீட்டுக் கடன், அம்மாவின் முகம், எல்லாம் வரிசையாக வந்தன. அப்போது சந்துப் பக்கமிருந்து உள்ளே இருந்த ஆபீசர் பெண் அழுகிற சத்தம் மெலிதாகக் கேட்டது. சின்னக் குழந்தை ஏங்கி ஏங்கி அழுவது போல இருந்தது.

"சார், மெஷினத் தெறங்க" என்றேன் மேனேஜரிடம்.

அவர் பணத்தை எடுத்து அப்புறப்படுத்தினார். நான் மெஷினின் பெட்டகத்துக்குள் பாதி உடம்பை நுழைத்து, தரையில் இறங்கியிருந்த போல்ட்டுகளைத் தேடினேன். ஒன்று உடனே சுழன்றது. இன்னொன்று ஸ்பானர் வைத்ததுமே தலை உதிர்ந்து கையோடு வந்தது; உப்பு எனக்கு முதல்முறையாக உதவி செய்த நாள். மற்ற இரண்டும் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினோம், ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகித் தொங்கினோம். மேனேஜர், உறையோடு வந்த ஆபீசர், நான், மூன்று பேரும். ஸ்பானர் நழுவி என் முழங்கையைச் சுவரில் இடித்தது. வலியே தெரியவில்லை. ஒவ்வொரு முறை ஓய்ந்து மூச்சு வாங்கும்போதும் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்தேன். சத்தம் வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம்.

கடைசி போல்ட் விட்டுக்கொடுத்தபோது சங்குகுளிக்காரர் தன் கூட்டாளிகளோடு வந்துவிட்டார். வள்ளத்தைக் கரையேற்றும் வடமும், அடியில் போடும் உருட்டுக் கட்டைகளும் கொண்டுவந்திருந்தார்கள். கடப்பாரையால் மெஷினைக் கிளப்பிக் கட்டையைச் செருகி, வடத்தைப் போட்டு இழுத்தார்கள். கண்ணாடிக் கதவு உடைந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மெஷின் நகர்ந்து வாசற்படியில் முட்டிச் சாய்ந்து நின்றது, திரையில் தற்காலிகமாகச் சேவை இல்லை என்ற வாசகம் மின்னிக்கொண்டு.

பலகையைப் பிய்த்தோம். பின்னால் சாம்பல் நிறத்தில், இடுப்பளவே உயரமாக அந்தக் கதவு. எங்கள் கம்பெனியின் பழைய பெயர் எழுத்து எழுத்தாகப் பொறித்திருந்தது. ஆபீசர் உறையைப் பிரித்தார். சாவி நுழைந்தது, திரும்பவில்லை. எண்ணெய் விட்டேன். திரும்பவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டது முதுகில் உறைத்தது. இந்தச் சாவி உடைந்தால் வேறு வழியே இல்லை என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அழுத்தவும் முடியாமல் விடவும் முடியாமல் அதை முன்னும் பின்னும் சின்னச் சின்னதாக அசைத்துக்கொண்டே இருந்தேன். உள்ளே ஏதோ பொடிந்து உதிர்வது விரலில் தெரிந்தது. பிறகு திரும்பியது.

முதலில் ஆபீசர் பெண் தவழ்ந்து வந்தாள். சேலையெல்லாம் தூசி, கண் வீங்கியிருந்தது. வெளியே வந்ததும் யாரையும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வாந்தி எடுத்தாள். அவளை அந்த அம்மா பின்னாலிருந்து தள்ளிவிட்டிருக்கிறாள். அப்புறம் ஒரு துணிப்பை வந்தது. அதன் பிறகுதான் அந்த அம்மா. எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

"எதுக்கு இப்பிடி வேர்த்துப் போயி நிக்கிய? கையில என்ன ரத்தம்?"

அவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அந்த அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "மாதாவே, ஆள்க பாக்காவ" என்று அவர் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கிளம்பும்போது என்னிடம், "நாளைக்குக் கோவிலுக்கு வந்துரணும் மேடம், சொல்லிட்டேன்" என்றாள்.

போக முடியவில்லை. மறுநாள் மெஷினை மறுபடி நிறுத்துவதற்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கும் சரியாக இருந்தது. கம்பெனி விளக்கம் கேட்டது. மேனேஜர் எனக்காக வங்கித் தரப்பில் எழுதினார். வேலை போகவில்லை. கண்ணாடிக் கதவுக்கான செலவை யார் ஏற்பது என்ற வாதம் மட்டும் பல மாதம் நடந்தது. கல்யாணம் நல்லபடி நடந்ததாக மேனேஜர் சொன்னார். பெண் ஆபீசர் வேறு கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். லாக்கர் இல்லாத கிளையாகக் கேட்டு வாங்கினாளாம்.

எங்கள் பழைய கதவுகள் எந்தெந்த ஊரில் இருக்கின்றன என்று கம்பெனியைக் கேட்டேன். தொழிற்சாலை கைமாறியபோது அந்த விவரமெல்லாம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதனால் மெஷின் பார்க்கப் போகிற ஊரிலெல்லாம் நானே தேட ஆரம்பித்தேன். ஆழ்வார்திருநகரியில் ஒரு கிளையின் அவசர வாசல் பக்கத்துப் பலசரக்குக் கடை கிட்டங்கிக்குள் இருந்தது, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால். கடைக்கார அண்ணாச்சி மூட்டைகளை அன்றைக்கே தள்ளிப் போட்டார். அடுத்த தடவை போனபோது மறுபடி அடுக்கியிருந்தது. மறுபடி சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போதும் எந்த ஸ்ட்ராங் ரூமுக்குள் நுழைந்தாலும் என் டூல் பையைக் கதவிடுக்கில் வைத்துவிட்டுத்தான் போகிறேன். புது மேனேஜர்கள் சிலர் சிரிப்பார்கள். பை வைத்த இடத்திலேயே இருக்கிறதா என்று வேலைக்கு நடுவில் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்வேன்.