அஞ்சாம் நம்பர் எண்ணெய்

ஒருவன் மிகுந்த கவனத்தோடு செய்த காரியமே கெடுதலாக முடிந்தால், அந்தக் கவனத்தை நல்ல குணம் என்று சொல்லலாமா? உலகநாதனின் வாழ்க்கையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.

அரியலூர்ப் பக்கத்திலிருந்து இருபத்தைந்து வயதில் ஆவடிக்கு வந்தவர். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில், கனரக வண்டிகளுக்கான கியர்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை. அளவு பிசகிய கியரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து, அதில் ஒரு அட்டையைக் கட்டுவார். அட்டையில் இரண்டு கட்டங்கள்: காரணம், பொறுப்பு. இரண்டையும் நிரப்பாமல் எதையும் ஒதுக்க முடியாது. முப்பத்தோரு வருடம் அதைச் செய்தார். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் யாராவது மிக்சி வாங்கினால்கூட அவரிடம் ஒருமுறை காட்டுவார்கள்.

அவரிடம் எண்பத்தாறாம் வருடத்துப் புல்லட் ஒன்று இருந்தது. நான்கு கியர், வலது காலில் மாற்றுவது. மற்ற வேலைகளுக்கு மெக்கானிக் ஜெகதீசனிடம் விடுவார். எண்ணெயை மட்டும் தானே வாங்கி ஊற்றுவார். 2009இல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கடையில், கனரக கியர்களுக்கான புது எண்ணெய் டப்பாவைப் பார்த்தார். மேலே தரம் ஜிஎல் ஐந்து என்று போட்டிருந்தது. அதுவரை ஊற்றியது ஜிஎல் நான்கு. ஒன்றை வாங்கிவந்து ஜெகதீசனின் தகரக் கொட்டகைக் கடையில் காட்டினார்.

"இது வேணாம் அண்ணாத்தே. லாரிக்கு ஊத்தற சரக்கு இது. உன் பாக்ஸ்ல பித்தளை புஷ் கீது. இது அத்த உள்ளயே தின்னுகினு கெடக்கும், உனுக்குத் தெரியாது."

"நாலைவிட அஞ்சு மேலதானே? நூறு மடங்கு பாரத்தைத் தாங்குறது இந்த வண்டியையா தாங்காது?"

"யானைக்குப் போடற மாத்தரைய ஆட்டுக்குப் போடுவியா நைனா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உலகநாதன் சிரிக்கவில்லை. கியர் என்றால் என்ன என்று தனக்கு ஒரு தகரக் கொட்டகையில் பாடம் நடப்பதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தேதி தவறாமல், அந்த அஞ்சாம் நம்பர் எண்ணெயையே ஊற்றிவந்தார்.

2016 ஆவணி மாதம். மனைவி புஷ்பாவைப் பின்னால் உட்காரவைத்துப் பூந்தமல்லிக்கு ஒரு காதணி விழாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். மேம்பாலத்தில் ஏறும்போது மூன்றாவது கியர் தானாகக் கழன்றது. என்ஜின் அலறியது, வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த புஷ்பா சாலையில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இரண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோலோடு நடக்கிறார். இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது.

அதற்கு முந்தைய வாரம்தான் ஜெகதீசன் அந்த வண்டிக்கு கிளட்ச் பிளேட் மாற்றியிருந்தார். அதற்கு மேல் உலகநாதன் எதையும் சோதிக்கவில்லை. நேராகக் கடைக்குப் போனார்.

"கிளட்ச் மாத்தறேன்னு கியரைக் குலைச்சு வச்சிருக்கே. நீ மெக்கானிக்கா, கொலைகாரனா?"

ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் குவார்ட்டர்ஸ்காரர்கள். உலகநாதன் ஒதுக்கிவிட்டார் என்றால் ஒதுக்கியதுதான். எட்டு மாதத்தில் கடை மூடியது. ஜெகதீசன் குத்தம்பாக்கத்தில் ஒரு கிடங்குக்கு வாட்ச்மேனாகப் போனார்.

மழைநாளில் கால் வலிக்கும்போதெல்லாம் புஷ்பா, "அந்த ஜெகதீசன் நல்லாவே இருக்க மாட்டான்" என்பார். உலகநாதன் தலையாட்டுவார்.

ஓய்வுபெற்று வெள்ளானூரில் வீடு கட்டிக் குடியேறிய பிறகு, 2023இல், விபத்துக்குப் பிறகு ஓட்டாமல் போட்டிருந்த வண்டியைச் சரிசெய்து விற்றுவிடலாம் என்று கியர்பாக்ஸைத் தானே பிரித்தார். வடிந்த எண்ணெயில் பொன்துகள் மிதந்தது. ஜெகதீசன் சொன்ன பித்தளை புஷ், தண்டைத் தாங்கும் அந்த வளையம், கறுத்து, ஓரங்கள் பொரிந்து, விரலில் போட்ட பெரிய மோதிரம்போல ஆடியது. மைக்ரோமீட்டரை எடுத்துவந்தவர், அளக்காமலே அதைப் பெட்டியில் வைத்தார்.

மறுநாள் பஸ் பிடித்துக் குத்தம்பாக்கம் போனார்.

"இன்னா அண்ணாத்தே, வண்டி வர்லியா? இல்ல, இங்கயும் என்னைத் திட்ட ஆளு கூட்டினு வந்துகிறியா?" என்றார் ஜெகதீசன்.

உலகநாதன் சட்டைப்பையிலிருந்து வளையத்தை எடுத்துக் கொடுத்தார். ஜெகதீசன் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கையிலேயே கொடுத்தார்.

"தின்னுட்ச்சு. நா அப்பவே சொன்னேன்."

"சொன்னே."

"ஆயுத பூஜைக்கு வெள்ளானூர் ரோட்ல ஒரு ஷெட்டு தொறக்கறேன். உங்காளுங்க பாதிப் பேரு அங்கதான் ஊடு கட்டினுகீறாங்க. ஒருத்தன் வர மாட்டான். நாலு பேரு முன்னால திட்டினே இல்ல? நாலு பேரு முன்னால வந்து சொல்லு. எனுக்கு வேற ஒண்ணியும் வேணாம்."

சொன்னால் அது அன்று மாலைக்குள் புஷ்பாவின் காதுக்குப் போகும். பூஜைக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் உலகநாதன் வீட்டில் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பூஜையன்று, பிரித்த கியர்பாக்ஸோடு வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். திருஷ்டிப் பூசணி உடைத்து முடித்திருந்தார்கள். பழைய சகாக்கள் ஏழெட்டுப் பேர் பொரி வாங்கிக்கொண்டிருந்தார்கள். சிவப்புப் பெயிண்ட் பூசிய அந்த வளையத்தை எல்லோருக்கும் தெரியும்படி ஷெட்டின் கதவில் மாட்டினார். அதில் ஒரு அட்டை. காரணம்: தவறான எண்ணெய். பொறுப்பு: மு. உலகநாதன். "புஷ்பா விழுந்தது என்னால. இவர் வேண்டாம்னுதான் சொன்னார்," என்றார். ஒருவர் பொரியை மென்றுகொண்டே அட்டையை இரண்டுமுறை படித்தார்.

இதைத் துணிச்சல் என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆறு வருடத்துக்கு மேல் ஒரு மனிதன் கிடங்கு வாசலில் உட்கார்ந்த பிறகு வந்த வாக்கியம் அது. ஆனாலும் வந்தது. கூட்டம் ஒன்றும் அலைமோதவில்லை. அந்த மாதம் மூன்று வண்டிகள் வந்தன.

அன்று சாயங்காலம் புஷ்பா ஒன்றே ஒன்று கேட்டார். "அந்த எண்ணெய் வேணாம்னு அவரு முன்னாடியே சொன்னாராங்க?"

"சொன்னார்."

அதற்குப் பிறகு, எவ்வளவு மழை பெய்தாலும், கால் வலிக்கிறது என்று புஷ்பா சொல்வதில்லை.

ஜெகதீசன் புது வளையம் கடைந்து போட்டு, நான்காம் நம்பர் எண்ணெய் ஊற்றி, சாவியை நீட்டினார். உலகநாதன் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தியபடியே நான்கு கியரையும் போட்டுப் பார்த்தார். எதுவும் கழலவில்லை. அணைத்துவிட்டு, சாவியைக் கதவோர ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். கையில் சரியான எண்ணெய் டப்பா. பழையதை வடித்து, புதியதை ஊற்றி, சாவியை அதே ஆணியில் மாட்டுகிறார்.

"ஓட்டாத வண்டிக்கு எதுக்கு அண்ணாத்தே ஆயிலு? ஓட்டு, இல்ல வித்துடு" என்று போனமுறையும் கேட்டிருக்கிறார் ஜெகதீசன்.

உலகநாதன் கையைத் துடைத்த துணியை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினார்.