வெயிலில் வைத்த பாட்டுப்பெட்டி

அத்தை மரச்சாமான் பட்டறையில் மெருகு போடுகிறவள். ஒருநாள் ஒரு பாட்டுப்பெட்டி வந்தது. பார்த்தால் அழகான அலமாரிதான். பாட்டு ஒலிக்கும் குழல் கதவுக்குள் ஒளிந்திருக்கும். மெருகு காய அதை வெயிலில் வைத்தாள். இழுப்பறையைத் திறந்து பார்க்க மறந்துவிட்டாள்.

மதியம் திறந்தால், உள்ளே குரல் பதிந்த மெழுகு உருளை. உறையில் ‘பாப்பா பேசியது’ என்று எழுதியிருந்தது. பெட்டிக்காரரின் மகள் போன வருடம் காய்ச்சலில் இறந்தது பட்டறைக்கே தெரியும். அத்தை உருளையின் ஓரத்தைத் தொட்டாள். விரல்ரேகை அப்படியே பதிந்தது.

“மூச்சு விடாதே. தெரிஞ்சா உன் வேலை போச்சு,” என்றார் மேஸ்திரி.

அதற்குள் பெட்டிக்காரரே வந்துவிட்டார்.

“அடடா, கண்ணாடி மாதிரி இருக்கேம்மா! இதைப் பார்த்தே தலை சீவலாம், முடிதான் இல்ல,” என்று சிரித்தார். “பாப்பா குரலைக் கேட்டுட்டு எடுத்துட்டுப் போறேன்.”

உருளையை மாட்டிச் சாவி கொடுத்தார். ஊசி இறங்கினால் இளகிய மெழுகை உழுதுவிடும்.

“ஐயா, வேண்டாம்!” என்று அத்தை அவர் கையைப் பிடித்துவிட்டாள். “உள்ள பார்க்காம வெயில்ல வெச்சுட்டேன். என் தப்புதான். மெழுகு இளகியிருக்கு, ஆற விடுங்க.”

அவர் முகம் வெளிறிப்போனது. மெழுகு ஆறும்வரை இருவரும் காத்திருந்தார்கள். விளக்கேற்றும் நேரத்தில் ஊசியை இறக்கினார். வெறும் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து, கொஞ்சம் தள்ளாடியபடி, “அப்பா” என்று கேட்டது.

வேலை போகவில்லை; பயமும் போகவில்லை. பல வருடம் ஊர் சுற்றித் திரும்பிய நான் என் துணிப்பெட்டியை ஜன்னலோர வெயிலில் வைத்ததும் அத்தை ஓடிவந்தாள்.

“உள்ள என்னடி இருக்கு? முதல்ல திறந்து காட்டு!”