மொக்கைச்சாமிக்குப் பொட்டு வைக்கிற இடம்

“ஏத்தா, இது படக்கூடம், கோயில் இல்ல. படத்துல பொட்டு வைக்காதீகன்னு இன்னும் எப்பிடித்தான் சொல்றது?”

கம்பத்துப் படக்கூடத்தில் ரஹ்மத் அக்கா இந்தப் புலம்பல் இல்லாமல் கதவைத் திறந்ததும் இல்லை, பூட்டியதும் இல்லை. கூட்டுவது, துடைப்பது, வருகிறவர்களுக்குப் படம் காட்டுவது எல்லாம் அவர்தான்.

அங்கே சுவர் முழுக்க ஒரு பெரிய ஓவியம். வெள்ளைக்காரன் காலத்தில் கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்து ஜெயிலுக்குப் போன இந்தக் கம்பம் பள்ளத்தாக்கு ஜனங்கள், எதிரே லத்தியோடு போலீஸ். கூட்டத்தில் நின்ற ஓவியர் ஒருவர் பின்னாளில் ஞாபகத்திலிருந்து வரைந்தது. அதில் தலைப்பாகைக்காரர் மொக்கைச்சாமி. வீட்டில் அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அதனால் பேத்தி பஞ்சம்மாள் ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் வேலை முடிந்ததும் பஸ் ஏறி வந்து, தாத்தா நெற்றியில் சந்தனம் வைத்துவிட்டுப் போவார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். ஒருநாள் போலீஸ்காரர் நெற்றியிலும் குங்குமம்.

“அடிக்க வந்தவனுக்குமா பொட்டு?”

“அவரும் யாரு வீட்டுத் தாத்தாவோ, இருந்துட்டுப் போறாக,” என்றார் பஞ்சம்மாள்.

கூடத்தை நடத்துகிற டிரஸ்ட் அதிகாரி மதுரையிலிருந்து வந்து பார்த்தார். பெயிண்ட் உரிகிறது, இனியும் யாராவது கை வைத்தால் படத்தை மதுரைக்கு எடுத்துப் போய்விடுவோம் என்று சொல்லிவிட்டார். ரஹ்மத்துக்குச் சோறு இறங்கவில்லை.

“இவுக போயிட்டா, சுதந்திரம்னா எங்கயோ வடக்க நடந்த கதைன்னுதான நம்ம புள்ளைக நெனைக்கும்?” என்று வீட்டுக்காரரிடம் பொருமினார்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு காதுகுத்து பிளெக்ஸைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். நேராக பிளெக்ஸ் அடிக்கிற முத்துராஜா கடைக்குப் போனார்.

“கல்யாணமா, காதுகுத்தாக்கா?” என்றான் முத்துராஜா.

“ரெண்டும் இல்ல, ஜெயிலுக்குப் போனவுக. ஏலே, எல்லாரையும் செவப்பாக்கிப்புடாத. மொகத்த அப்பிடியே போடு.”

ஓவியத்தை அப்படியே பிளெக்ஸில் அடித்து வாசல் சுவரில் மாட்டி, கீழே சந்தனக் கிண்ணமும் வைத்தார். பஞ்சம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“பிளெக்ஸுக்குள்ள எங்க தாத்தா இருப்பாராக்கும்?”

“பொட்ட இங்கன வச்சுட்டு, உள்ள போயிக் கண்ணால பாருத்தா. கைய மட்டும் பின்னால கட்டிக்க. இல்லேன்னா மதுரைக்குத்தான் அலையணும்.”

முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். மறுபடி வந்த அதிகாரி, வாசலில் நெற்றி நிறையச் சந்தனத்தோடு நின்ற போலீஸ்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டார். உள்ளே ஓவியத்தில் புதிதாக ஒரு கறை இல்லை. படம் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிப் போனார்.

இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், “பொட்டு வச்சிருக்காகளே, இவுக யாரு?” என்று கேட்டுக் கேட்டே உள்ளே வருகிறார்கள். மொக்கைச்சாமி என்ற பெயர் அவர்கள் வாயில் புழங்குகிறது.

பஞ்சம்மாள் வரும்போதெல்லாம் ஒரு கொத்துத் திராட்சை கொண்டுவந்து ரஹ்மத் மடியில் போடுகிறார்.

“எங்க தாத்தாவ ஊரவிட்டுப் போகாம நிறுத்துனவ நீ. திங்காம வச்சிருந்தீன்னா பேச மாட்டேன், ஆமா.”

கம்பம் பக்கம் வந்தால் ரஹ்மத் அக்காவையும் அவர் காக்கிற அந்த ஜனங்களையும் ஒருதரம் பார்த்துவிட்டுப் போங்கள். பொட்டு வாசலோடு சரி. உள்ளே போனால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.