கடைசி வரிசைக்குப் போகாத சத்தம்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் கடலூரில் மைக்செட் என்றால் முதலில் என் பெயரைத்தான் சொல்வார்கள். முதுநகரில் இரண்டு ஹாரனோடு ஆரம்பித்தேன். இன்றைக்கு என் ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்ற ஒரு லாரி போதாது. தொழிலை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் காது போதும்.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் பெருநாள் தொழுகைக்கு முதன்முறையாக மைக்செட் போட்டேன். பெருநாள் தொழுகையில் "அல்லாஹு அக்பர்" என்ற தக்பீரை வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சொல்வார்கள். ஒன்று காதில் விழாவிட்டாலும் ஒருவர் கையைத் தூக்குவார், பக்கத்தில் நிற்பவர் குனிந்துவிடுவார். முந்தைய வருடம் பின்வரிசைகளில் அந்தக் குழப்பம்தான் நடந்தது. "கடைசி ஆளுக்கும் கேக்கும், நான் பொறுப்பு" என்று ஜமாஅத் தலைவரிடம் சொல்லியிருந்தேன்.

காலையில் எல்லாப் பெட்டிகளையும் முன்னால் அடுக்கி முழுச் சத்தம் வைத்தேன். முதல் வரிசைப் பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"பெருநாளும் அதுவுமா எங்கள செவிடாக்கிட்டுப் போயிடாதீங்க, பாய்."

பின்னாலிருந்து தலைவர் போன் செய்தார். "கும்முகும்முன்னுதான் வருது. வார்த்தையே புரியல பாய்."

தொழுகைக்கு அரைமணி நேரம்தான் இருந்தது. சிதம்பரத்தில் கல்லூரியில் பௌதிகம் நடத்தும் என் மருமகனோடு கடைசி வரிசை வரை நடந்தேன்.

"சத்தம் போகப் போக விரிஞ்சி மெலிஞ்சிடும் மாமா. கொஞ்சம் காத்துலயே சூடா மாறிடும். கீச்சு சத்தம்தான் முதல்ல கரையும். அதான் வார்த்தை புரியல."

"அப்ப ஊர்ல வெயில் ஜாஸ்தியானதுக்கு நானும் காரணம்னு சொல்லுங்க, மாப்ள."

"அந்தச் சூட்டுல ஒரு டீ கூட வைக்க முடியாது மாமா."

காரணத்தை அவர் சொன்னார். வழியை நான் கண்டுபிடித்தேன். கரண்ட் போனால் பள்ளிவாசலில் என்ன செய்வோம்? நடுவரிசையில் ஒருவர், தொழுகை நடத்தும் இமாமின் தக்பீரைத் திரும்பச் சொல்வார், பின்னால் இருப்பவர்கள் அதைக் கேட்டுத் தொழுவார்கள். அந்த ஆளின் வேலையைப் பெட்டி செய்யட்டும் என்று பாதிப் பெட்டிகளை நடுவரிசையின் இரண்டு ஓரங்களுக்கும் கொண்டுபோனேன். முன்னால் சத்தத்தைக் குறைத்தேன்.

பிறகு நானே கடைசி வரிசையில் போய் நின்றேன். ஒவ்வொரு தக்பீரும் பக்கத்தில் நின்று சொன்னதுபோல வந்தது. குனியும் நேரம் வந்தபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். வரிசை முழுக்க முதுகுகள் ஒரே மட்டமாக இருந்தன.

தொழுகையில் அப்படிப் பார்ப்பது தப்புதான். அன்றைக்கு மட்டும் பார்த்தேன்.