எழுத்து ஓடாத படம்

ஜப்பான் கார்ட்டூனைத் தமிழ்க் குரலில் பார்ப்பதா, ஜப்பானியக் குரலில் கீழே ஓடும் எழுத்தோடு பார்ப்பதா என்று மாலை நாலரையிலிருந்து பேரனுக்கும் பேத்திக்கும் சண்டை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது. அறந்தாங்கி டூரிங் டாக்கீஸுக்கு எப்போதாவது, கீழே தமிழ் எழுத்து ஓடும் இந்திப் படம் வரும். பாறைக்கு வெடி வைத்துக் காது போன அப்பா அந்தப் படங்களுக்கு மட்டும் போவார். மணலைக் குவித்து உட்கார்ந்து, ஓடும் எழுத்தை உரக்க வாசிப்பார். படிக்கத் தெரியாதவர்கள் அவரைச் சுற்றி இடம் பிடிப்பார்கள்.

ஒருமுறை, இந்திப் படம் என்று நான்தான் அவரை இழுத்துப் போனேன். திரையில் எல்லோரும் தமிழ் பேசினார்கள். எழுத்தே வரவில்லை. அப்பா திரையின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமாவுக்கு இன்னைக்கு லீவு,” என்றார் பின்னாலிருந்தவர். சுற்றிலும் சிரித்தார்கள்.

அப்பாவின் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினேன். நான் ஒரு வரியை முடிப்பதற்குள் திரையில் நாலு பேர் பேசி முடித்திருந்தார்கள்.

“இப்ப என்னாத்தா சொல்றான்?” என்று உரக்கக் கேட்டார். கூடாரமே திரும்பிப் பார்த்தது.

இடைவேளையில் வேட்டி மணலைத் தட்டிவிட்டு எழுந்தார். பிறகு எந்தப் படத்துக்கும் அவர் வரவில்லை.

“எழுத்தோடயே போடுங்க,” என்றேன் பிள்ளைகளிடம். போட்டார்கள். நாலைந்து வரி ஓடியிருக்கும்.

“பாட்டி,” என்றாள் பேத்தி, “எங்களுக்கும் படிக்கத் தெரியும். மனசுக்குள்ள வாசிங்க.”