அரை இன்ச் கட்டிய வண்டிவீடு

சமையலறைக்கு அலமாரி அடிக்க வேண்டுமென்றால் அந்த வட்டாரத்தில் எல்லோரும் தேடிப்போகிற ஆள் ஒருவர் இருந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் கரண்டு பில்லில் மட்டும்தான் இருந்தது. மற்ற இடங்களில் அவர் 'அரை இன்ச்'. சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே அரை இன்ச் இடைவெளி தெரிந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. மொத்தத்தையும் கழற்றி, இழைத்து, மறுபடி மாட்டினால்தான் வீடு திரும்புவார். வீட்டுக்காரர்களே, "போதும்ணே, யாரு பாக்கப்போறா" என்று கெஞ்சினாலும் விடமாட்டார்.

அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர். தெருவில் குழந்தை முதல் கிழவர் வரை எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். கேட்டுக் கேட்டுப் பழகி அரை இன்ச்சும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, அதை விட முடியாமல் போய்விட்டது.

இந்தத் தம்பதிக்கு நடுவில் ஒரே ஒரு சங்கடம். சிஸ்டர் அவரைவிட உயரம். கொஞ்சநஞ்சமில்லை, பார்த்தவுடன் தெரிகிற உயரம். தெருவில் இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும், அரை இன்ச்சுக்கு மட்டும் தெரியாது. தெரிந்துகொள்ள மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார் என்பதுதான் சரி. கல்யாணப் போட்டோவில் சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், இவர் பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டிருப்பார். யாராவது கேட்டால், "அன்னைக்கு அவளுக்குக் கால் வலி" என்பார். அதற்குப் பிறகு எடுத்த எல்லாப் போட்டோக்களிலும் சிஸ்டருக்குக் கால் வலிதான். கண்ணில் பட்டதையெல்லாம் டேப் வைத்து அளக்கிற மனிதர், பெண்டாட்டி நிற்கிற பக்கம் மட்டும் டேப்பை நீட்டியதே இல்லை.

ஒரு வருஷம் சிஸ்டருக்குச் சேர்த்துவைத்த லீவு மொத்தமாகக் கிடைத்தது.

"எங்கயாவது போகலாங்க" என்றார் சிஸ்டர். "ஆனா ஓட்டல் வேணாம். காலங்காத்தால கதவைத் தட்டுவான். பக்கத்து ரூம்ல பெல் அடிப்பான். வேலைக்குச் சேந்த நாள்லேருந்து யாராவது ஒருத்தர் என்னை எழுப்பிக்கிட்டே இருக்காங்க. நான் தூங்கணும். நானா எழுந்திருக்கிற வரைக்கும் என்னை யாரும் எழுப்பக் கூடாது. வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

"சத்தியமா எழுப்ப மாட்டேன்" என்றார் அரை இன்ச்.

ஓட்டல் வேண்டாம் என்றதில் அவருக்கு உள்ளூர ஏகப்பட்ட சந்தோஷம். ஓட்டல் அறையில் படுத்தால் எதிரே இருக்கிற அலமாரியின் கோணல் கதவு கண்ணை உறுத்தும். எழுந்து திருகாணியை முடுக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு தடவை அப்படி முடுக்கப்போய், அறையை உடைக்கிறார் என்று மேனேஜர் ஓடிவந்ததும் உண்டு.

ஆகவே வீட்டையே கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தார். ஒரு பேக்கரிக்காரர் தன்னுடைய பழைய டெலிவரி வேனை விற்பதாக இருந்தார். அதை வாங்கிவந்து பட்டறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் அந்த வேனுக்குள் செய்ததையெல்லாம் வேடிக்கை பார்க்கவே தனியாகக் கூட்டம் வந்தது. கூரையில் சோலார் தகடு, பக்கத்தில் காற்றாடி. காலால் மிதித்தால் தண்ணீர் வருகிற தொட்டி. மேஜையைத் தட்டினால் கட்டில், கட்டிலைத் தூக்கினால் துணிப்பெட்டி, துணிப்பெட்டியின் மூடி சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகை. கழிப்பறை ஒரு இருக்கைக்கு அடியில் இருந்தது. அதை இழுக்க வேண்டுமென்றால் கட்டிலை மடக்க வேண்டும், கட்டிலை மடக்க வேண்டுமென்றால் ஒருத்தர் கீழே இறங்கி நிற்க வேண்டும். "எப்படியும் இறங்கித்தானே ஆகணும், நாகரிகம்னு ஒண்ணு இருக்குல்ல" என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். எல்லாவற்றையும் விட அவர் பெருமைப்பட்டது கட்டிலின் தலைமாட்டில் இருந்த ஒல்லியான அலமாரியைப் பற்றித்தான். அதைத் திறந்தால் இஸ்திரிப் பலகை ஒன்று மடிப்பு விரித்துக்கொண்டு வந்து நிற்கும். ஊர் சுற்றினாலும் கசங்கிய சட்டையோடு சுற்றக்கூடாது என்பது அவர் கொள்கை.

கட்டிலுக்கு அளவு எடுக்கும்போது பட்டறைத் தரையில் தானே மல்லாந்து படுத்தார். தலைக்கு மேல் ஒரு கோடு, காலுக்குக் கீழே ஒரு கோடு, தாராளமாக நாலு விரல் கூட. "ரெண்டு பேருக்கும் தாராளம்" என்று சொல்லிக்கொண்டே பலகையை அறுத்தார். கோடு போட்டுக் கொடுத்த சிஸ்டர் அவரைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

புறப்பட்ட அன்று தெருவே வழியனுப்பியது. முதல் வளைவிலேயே வண்டிக்குள் இருந்த அத்தனை இழுப்பறைகளும் சொல்லிவைத்தாற்போல ஒரே நேரத்தில் வாயைப் பிளந்தன. கரண்டிகள் கூரையைத் தொட்டுவிட்டு வந்தன. விரல் பட்டாலே வழுக்கிக்கொண்டு வரும்படி இழுப்பறைகளுக்கு அடியில் அவர் போட்ட உயர்ந்த ரக சேனல் கம்பிகள் அவை. நிற்கிற சமையலறைக்கும் ஓடுகிற சமையலறைக்கும் வித்தியாசம் உண்டு என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சிஸ்டர் கைப்பையிலிருந்து காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் சுருளை எடுத்து ஒவ்வொரு இழுப்பறைக்கும் கட்டுப் போட்டார். அதற்குப் பிறகு வண்டி, விபத்தில் அடிபட்டுத் தேறிவருகிற நோயாளி மாதிரி இருந்தது.

வெயில் ஏறினால் இன்னொரு தொல்லை. வண்டியின் பழைய வாசனை எங்கிருந்தோ கிளம்பிவரும். சூடான பன், வெண்ணெய், சர்க்கரை. சாப்பிட்டு முடித்தாலும் பசிக்கும். வழியில் நிறுத்தினால் யாராவது வந்து, "கேக் இருக்கா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் நம்பமாட்டார்கள், மூக்கை உறிஞ்சிவிட்டு முறைத்துக்கொண்டு போவார்கள்.

இருந்தாலும் அரை இன்ச்சுக்கு அது சொர்க்கமாகத்தான் இருந்தது. படுத்தால் அடித்துப்போட்டது போலத் தூங்கினார். சிஸ்டர்தான் காலையில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு இறங்குவார். "என்ன, தூக்கம் வரலியா?" என்றால், "வந்துச்சு, வந்துச்சு" என்பார். பாதி தூரம் வந்த தூக்கம் அது என்று அவர் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் ஏரிக்கரைப் பூங்கா ஒன்றை ஒட்டி வண்டியை நிறுத்தினார்கள். நல்ல நிழல். சாப்பாடு முடிந்ததும் அரை இன்ச் தண்ணீர் பிடிக்கக் கேனைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குள் போனார். சிஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். வண்டியின் பின்கதவுகளைத் திறந்துவைத்தார். திரைச்சீலையை இழுத்துவிட்டார். வெள்ளைப் போர்வையைத் தலை வரை போர்த்திக்கொண்டு, புறப்பட்ட நாளிலிருந்து மடக்கியே வைத்திருந்த கால்களை முதல்முறையாக நீட்டினார். கணுக்கால் வரைக்கும் வண்டிக்கு வெளியே வந்து நின்றன. அப்படியே மரக்கட்டையாகத் தூங்கிப்போனார்.

பயணத்துக்கென்று வாங்கிய புது வெள்ளைக் காலுறை. கடையில் கட்டிய விலைச் சீட்டு நூலோடு கட்டைவிரல் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

அரை இன்ச் தண்ணீரோடு திரும்பியபோது வண்டிக்குப் பின்னால் ஒரு கூட்டம். நடுவில் ஒரு போலீஸ்காரர். பக்கத்தில் குட்டி நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் ஏரியை ரெண்டு சுத்து சுத்திட்டு வந்துட்டேன் சார். கால் அசையவே இல்ல. பொணத்துக்குக் கட்டுற மாதிரி சீட்டு வேற கட்டியிருக்கு பாருங்க!"

"வண்டி யாருது?" என்றார் போலீஸ்காரர்.

"என்னுதுங்க" என்று கேனை இறக்கிவைத்தார் அரை இன்ச்.

"உள்ள யாரு?"

"சிஸ்டருங்க."

போலீஸ்காரர் குரல் கொஞ்சம் இளகியது. "உங்க கூடப் பொறந்தவங்களா?"

"இல்லீங்க. என் பொண்டாட்டி."

இளகின குரல் மறுபடி இறுகியது. "இப்பத்தான சிஸ்டர்னு சொன்னீங்க?"

"சிஸ்டர்தாங்க. ஊரே அப்படித்தான் கூப்பிடும்."

"ஊரு கூப்பிடட்டும்யா. நீங்க ஏன் கூப்பிடுறீங்க?"

அரை இன்ச் தலையைச் சொறிந்தார். நியாயமான கேள்விதான்.

"சரி, அவங்கள எழுப்புங்க."

"அது முடியாதுங்க."

கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. நாய்க்கார அம்மாள், "நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

"எழுப்ப மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் சார்" என்று கையைக் குவித்தார் அரை இன்ச். "நர்ஸ் வேலை பாக்குறா. ஆளாளுக்கு எழுப்பிக்கிட்டே இருந்திருக்காங்க. இந்த லீவுல அவ கேட்டது அது ஒண்ணுதான். தூங்கிட்டிருக்கா, அவ்வளவுதான். கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்."

"தூங்குறாங்கன்னே வச்சுக்குவோம். காலு ஏன் வெளிய இருக்கு?"

"காத்துக்காகங்க."

"காத்து காலுக்கு மட்டும்தான் வேணுமா? கட்டில் பத்தலையா?"

இந்த இடத்தில் அரை இன்ச் வசமாக மாட்டிக்கொண்டார். கட்டில் பத்தவில்லை என்றால் தொழில் மானம் போயிற்று. கட்டில் சரியாகத்தான் இருக்கிறது என்றால் வேறு ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடி. கூட்டத்தைப் பார்த்தார். திரைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களையும் பார்த்தார். அவ்வளவு நிம்மதியாக நீட்டிய கால்களை அவர் பார்த்து வெகுகாலம் ஆயிற்று.

"சார்," என்றார். "என் பொண்டாட்டி என்னை விட உயரம். நான் கட்டிலை என் அளவுக்கு அடிச்சுட்டேன்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, அது அப்படியே முன்னால் பரவியது. போலீஸ்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "எவ்வளவு உயரம்?"

"தெரியாதுங்க. அளந்ததில்ல."

இந்தச் சந்தடியில் கயிறு நழுவிய குட்டி நாய் நேராக வண்டியிடம் போயிற்று. பன் வாசனை அதை என்ன பாடு படுத்தியதோ, காலுறையை முகர்ந்து பார்த்துவிட்டுத் தொங்கிய சீட்டைக் கவ்வி ஒரே இழுப்பு இழுத்தது. கட்டைவிரல் விருட்டென்று மடங்கியது. கால் ஒரு உதை விட்டது. உள்ளேயிருந்து தூக்கக் குரல் வந்தது: "வரேன், வரேன்... பெல்லை விடுங்க... யூரின் டெஸ்டுக்கு குடுத்தாச்சா?"

கூட்டம் மொத்தமும் மூச்சு விட்டது. குரல் ஓய்ந்து, குறட்டை தொடங்கியது.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "கலைஞ்சு போங்க, கலைஞ்சு போங்க" என்று எல்லோரையும் ரகசியக் குரலில் விரட்டினார். ஹாரன் அடித்துக்கொண்டு வந்த ஒரு காரை ஓடிப்போய் நிறுத்தி ஓட்டுநரைக் கடிந்துகொண்டார். நாய்க்கார அம்மாள் நுனிக்காலில் நடந்து போனார்.

சிஸ்டர் எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முகமெல்லாம் பளிச்சென்று இருந்தது. டீ போட்டுக் கையில் கொடுத்துவிட்டு அரை இன்ச் நடந்ததையெல்லாம் சொன்னார். சிஸ்டர் சிரித்து, டீ புரையேறி, மறுபடி சிரித்தார்.

"கோடு போடறப்பவே ஏன் சொல்லல?" என்றார் இவர்.

"சொன்னா என்னை அளக்கணும். அளந்தா உங்களுக்கு முகம் சுருங்கிடும். போட்டோவுக்கெல்லாம் உக்காந்துட்டேன், கட்டில்ல கொஞ்சம் மடங்கிக்கிட்டா என்னன்னு நினைச்சேன். ஆனா ஒண்ணு, உக்காந்து போட்டோ எடுக்கிறது சுலபம். மடங்கித் தூங்குறதுதான் கஷ்டமாயிருக்கு."

அரை இன்ச் எழுந்து டேப்பை எடுத்து வந்தார். "படு" என்றார். தலையில் ஒரு முனை, குதிகாலில் ஒரு முனை. அளவைப் பார்த்தார். டேப்பை உதறிவிட்டு மறுபடி அளந்தார்.

"டேப்புல ஏதாவது கோளாறா?" என்றார் சிஸ்டர் கண்ணை மூடியபடியே.

"டேப்பு நல்ல டேப்புதான்" என்றார் இவர்.

அன்று மாலையே தலைமாட்டு அலமாரியைக் கழற்றினார். இஸ்திரிப் பலகையை என்ன செய்வதென்று யோசித்து, பூங்காக் காவலாளியிடம் கொடுத்தார். அந்த மனிதர் அதை வாங்கி மேஜை மாதிரி முன்னால் விரித்துவைத்து அப்போதே தூக்குவாளியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டார். கட்டில் தலைப்பக்கமாக நீண்டது. அவசரத்தில் செய்ததால் ஓரத்தில் ஒரு இடைவெளி விழுந்தது. அரை இன்ச்சுக்கு மேலேயே இருக்கும். அவர் அதைப் பார்த்தார், விரலை விட்டும் பார்த்தார். அதற்குள் சிஸ்டர் அதன்மேல் ஏறிப் படுத்துவிட்டதால் அப்படியே விட்டுவிட்டார்.

இதற்குப் பிறகு கசங்கிய சட்டையோடுதான் அவர் ஊர் சுற்றினார். கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கடல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. போன வழியெல்லாம் வெயிலில் வெந்துவிட்டு, கடலுக்கு வந்தால் மழை. கூரையில் மழை கொட்ட, இருவரும் கட்டிலில் எதிரும் புதிருமாகக் கால் நீட்டி உட்கார்ந்து சீட்டு ஆடினார்கள். சிஸ்டர் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தார். அரை இன்ச் அவர் கையில் இருந்த சீட்டுகளை எட்டிப் பார்க்க முயன்றார்.

"எட்டாது, உக்காருங்க" என்றார் சிஸ்டர்.